லொறியின் முதுகில் ஒரு வீடு

வீட்டைத் துறந்து யாத்திரை சென்ற பெரியோர்களைப் பற்றி நாம் நிரம்பக் கேட்டிருக்கிறோம். வீட்டையே தூக்கிக்கொண்டு யாத்திரை செல்ல விரும்பிய ஒருவரைப் பற்றி இங்கே எழுத நேர்ந்திருக்கிறது. அவர் வேறு யாருமல்லர், என் மைத்துனர்தாம். நுவரெலியாவிலிருந்து கரட்டும் லீக்ஸும் கோவாவும் வாங்கித் தம்புள்ளைச் சந்தைக்கு அனுப்பும் வியாபாரி அவர். இரண்டு வரிசை ஆசனங்களும், பின்னால் ஒரு சிறிய தட்டும் உள்ள லொறி ஒன்று அவரிடம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீண்டும் திறக்கப்படும் வரையில், நம் நாட்டில் பழைய வண்டிகளைப் பேணிக் காத்தவர்களே பிழைத்தார்கள். மைத்துனரும் அந்த லொறியைப் பிள்ளை போலவே பேணினார் என்று சொல்ல வேண்டும்.

அவருடைய தாயாருக்கு, அதாவது என் மாமிக்கு, நல்லூர்த் திருவிழாவை மறுபடியும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. கண்டியிலிருந்து ஏ-ஒன்பது வீதி வழியாக யாழ்ப்பாணம் 321 கிலோமீற்றர். முதுகெலும்பு தேய்ந்துபோன மாமியால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார முடியாது. இடையிடையே கால் நீட்டிப் படுத்தாக வேண்டும். புதிய இடத்தில், பிறர் படுத்த கட்டிலில் அவருக்கு உறக்கம் வராது. ஆகவே மைத்துனர் ஒரு வழி கண்டார். லொறியின் தட்டிலே பொருந்தும்படி, வேண்டும்போது ஏற்றவும் வேண்டாதபோது இறக்கவும் கூடிய ஒரு மர அறையைச் செய்துவிடுவது. உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஒரு சாமிப்படம். வெளிநாடுகளில் இப்படிப்பட்ட ஊர்தி வீடுகள் சாதாரணம். நம்மூரில் அதைப் பார்க்கச் சந்து முழுவதும் கூடிவிட்டது.

வேலை தொடங்குமுன் மைத்துனர் என்னிடம் வந்து, “அத்தான், நீங்கள் பௌதிகம் படிப்பிக்கிறவர். டயரெல்லாம் ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். நானும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு டயர்களையும் சுற்றிப் பார்த்தேன். பூக்கள் ஆழமாக இருந்தன. ஓரிடத்திலும் வெட்டுக் காயம் இல்லை. “இன்னும் இரண்டு வருஷம் ஓடும். அந்தப் பணத்தை அறைக்குச் செலவிடுங்கள்” என்று தீர்ப்பளித்தேன். பட்டம் பெற்றவன் ஒருவன் தனக்குத் தெரியாத விஷயத்தில் சொல்லும் தீர்ப்பு எத்தகையது என்பதற்கு அதுவே உதாரணம்.

நல்லூருக்குப் புறப்படுமுன் ஒத்திகையாக நுவரெலியாவுக்குப் போய் வருவது என்று தீர்மானமாயிற்று. மைத்துனர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமி, நான் ஆக ஆறு பேர். போகும்போது ஏற்றம், வண்டி முனகினாலும் ஏறிவிட்டது. சீதா எலியவில் அம்மனைத் தரிசித்துவிட்டுத் திரும்பினோம். இறம்பொடையின் இறக்கத்தில்தான் விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் லொறி வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தது நிமிராமல், ஒரு கணம் யோசித்துவிட்டு நிமிர்ந்தது. ஸ்டியரிங் கையில் பஞ்சு போல இலேசாயிருக்கிறது என்றார் மைத்துனர். மாமி கந்தசஷ்டி கவசம் சொல்லத் தொடங்கினார். இதே வீதியில், கெரண்டிஎல்ல என்னும் இடத்தில், 2025 மே 11ஆம் திகதி விடியற்காலையில் கதிர்காமத்திலிருந்து வந்த பஸ் வண்டி பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாங்கள் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தோம்.

கம்பளையை அடைந்ததும், வீதியோரத்தில் டயர் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவரிடம் வண்டியை நிறுத்தினோம். அவர் குனிந்து, பின் டயரின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். எலுமிச்சம்பழம் அளவில் ஒரு புடைப்பு. வெளியில் நின்று பார்ப்பவனுக்கு அது ஒருபோதும் தெரியாது. “சேர், இது எப்ப செய்த டயர் எண்டு பார்த்தீங்களா?” என்று கேட்டார். அதை எங்கே பார்ப்பது என்பதே எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். “நானா, நீங்களே காட்டுங்கள்” என்றேன்.

டயரின் பக்கச் சுவரில், நீள்வட்டமான ஒரு சிறு கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. உதாரணமாக 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் அது பிறந்தது என்று பொருள். எங்கள் டயரின் சாதகத்தைக் கணித்தபோது அதற்கு வயது பதினொன்று ஆகியிருந்தது. இறப்பர் ஓடினாலும் மூப்படையும், ஓடாவிட்டாலும் மூப்படையும். காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் வெயிலும் சேர்ந்து அதன் நெகிழ்வை மெல்ல மெல்லத் தின்றுவிடுகின்றன. உள்ளே இழைகளையும் இறப்பரையும் பிணைத்திருக்கும் பசை விடுபடுகிறது. பூ ஆழமாயிருப்பது டயர் நிறைய ஓடவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. ஆறு ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் அறிந்தவரிடம் காட்ட வேண்டும் என்றும், பத்து ஆண்டு கடந்ததைப் பூ எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்றும் பல உற்பத்தியாளர்கள் கூறுகிறார்கள். வாசகர்களில் வண்டி வைத்திருப்போர் இந்த இடத்தில் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, ஒரு முறை வாசலுக்குப் போய் அந்த நான்கு இலக்கங்களைப் பார்த்து வந்தால் எனக்கு வருத்தமில்லை.

அன்று மாற்று டயரைப் பூட்டிக்கொண்டு, முப்பது கிலோமீற்றர் வேகத்தில் கண்டி வந்து சேர்ந்தோம். மறுநாளே அறையை இறக்கிவிடுவதாக மைத்துனர் சொன்னார். மாமி ஒன்றும் சொல்லவில்லை. நல்லூர் நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மடித்து வைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் நான் இவ்விஷயத்தை உண்மையாகவே படிக்கத் தொடங்கினேன்.

முதலில் செய்ய வேண்டியது டயர் வாங்குவதன்று, நிறுப்பது. கருங்கல் உடைக்கும் ஆலைகளில் லொறியை அப்படியே நிறுக்கும் மேடைகள் உண்டு. சிறு கட்டணம் கொடுத்தால் நிறுத்துத் தருவார்கள். முழு வண்டியை ஒரு முறையும், முன் சில்லுகளை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறையும், பின் சில்லுகளை மட்டும் ஏற்றி ஒரு முறையும் நிறுக்க வேண்டும். ஆட்கள் அவரவர் ஆசனத்தில் இருக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். மைத்துனர், “எல்லாம் சேர்த்து ஒரு தொன் கூட வராது, அத்தான்” என்றிருந்தார். மேடை வேறு கணக்குச் சொன்னது. வெறும் வண்டி 1,480 கிலோகிராம். ஆட்கள் ஆறு பேரும் 330. அறை 620. தண்ணீர் 100. படுக்கை, பாத்திரம், எரிவாயுச் சிலிண்டர், பெட்டி படுக்கைகள் 230. ஆக 2,760. பதிவுப் புத்தகத்தில் அந்த வண்டிக்கு அனுமதித்த மொத்த நிறை 2,600. அதிலும் பின் அச்சில் மட்டும் 1,820. முன் அச்சில் 940.

வலியறிதலைச் சொல்ல வந்த வள்ளுவர் மயிற்பீலி ஏற்றிய வண்டியை நினைத்ததை மாணவர் அறிவர். எங்கள் வண்டியில் ஏறியது பீலியன்று. ஒரு அங்குலத் தடிப்புள்ள பலகை.

இனி டயரின் மேல் எழுதியிருப்பதைப் படிப்போம். எங்கள் பின் டயரில் ‘195 ஆர் 15 சி’ என்றும், அதன் பின் ‘106/104’ என்றும் இருந்தது. 195 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். ‘ஆர்’ என்பது றேடியல் அமைப்பு. 15 என்பது அது பூட்டப்படும் றிம்மின் விட்டம், அங்குலத்தில். ‘சி’ என்பது பாரம் ஏற்றும் வண்டிக்கு உரியது என்பதற்கு அடையாளம். இவற்றையெல்லாம் கடைக்காரர் பார்ப்பார். நாம் பார்க்க வேண்டியது அந்த 106. அது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரு குறியெண். 106 என்றால் அந்த ஒரு டயர் 950 கிலோகிராம் தாங்கும். 104 என்றால் 900. 100 என்றால் 800. 91 என்றால் 615. இரண்டு எண்கள் கோடிட்டு எழுதப்பட்டிருந்தால், முதலாவது ஒரு பக்கத்துக்கு ஒரு சில்லு உள்ள வண்டிக்கு. இரண்டாவது, பெரிய லொறிகளைப் போல ஒரு பக்கத்துக்கு இரண்டு சில்லு சேர்த்துப் பூட்டும்போது ஒவ்வொன்றுக்கும். சோடியாக ஓடும்போது பாரம் இரண்டிலும் சரிசமமாக ஏறாது. ஆகையால் சற்றுக் குறைத்து எழுதுகிறார்கள்.

எங்கள் லொறிக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு சில்லுதான். ஆகவே இரண்டும் சேர்ந்து 1,900 தாங்கும். அச்சில் இருந்ததோ 1,820. “பிறகென்ன, தாங்குகிறதே!” என்று மைத்துனர் முகம் மலர்ந்தார். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த 950 ஒரு நிபந்தனையோடு கூடியது. சதுர அங்குலத்துக்கு 65 இறாத்தல் காற்று இருந்தால்தான் அது தாங்கும் என்று அதே சுவரில் எழுதியிருக்கிறது. தாயாருக்குக் குலுக்கக் கூடாது என்று மைத்துனர் காற்றைக் குறைத்து 40 இறாத்தல் வைத்திருந்தார். அந்த அழுத்தத்தில் டயரின் வலு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். அதாவது இரண்டு டயரும் சேர்ந்து 1,300ஐ எட்டுவதே கடினம். அவற்றின் மேல் 1,820!

உண்மையில் பாரத்தைத் தாங்குவது இறப்பரன்று. உள்ளே அடைபட்ட காற்றே தாங்குகிறது. இறப்பரும் இழைகளும் அந்தக் காற்றை அடைத்து வைத்திருக்கும் பை மாத்திரமே. காற்றுக் குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து நிமிரும். இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். வளைத்த இடம் சுடும். டயரும் அவ்வாறே சூடாகிறது. சூடு கூடக் கூடப் பிணைப்புகள் தளர்கின்றன. தளர்ந்த இடம் புடைக்கிறது. புடைத்தது ஒரு நாள் வெடிக்கிறது. தாயாரின் முதுகு நோகாதிருக்க மகன் செய்த காரியம், தாயாரின் உயிருக்கே அபாயமாக இருந்தது.

சில்லின் சூட்டுக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு வண்டி ஏறத்தாழ 1,370 மீற்றர் கீழே இறங்குகிறது. 2,760 கிலோகிராமை அந்த உயரத்திலிருந்து இறக்கும்போது விடுபடும் சக்தியைக் கணக்கிட்டால் சுமார் 3 கோடியே 70 இலட்சம் யூல் வரும். சாதாரணத் தண்ணீர் 126 லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். இதில் ஒரு பகுதியைக் காற்றின் தடையும் உராய்வும் ஏற்கின்றன. சாரதி கீழ்க்கியரில் இறங்கினால் பெரும் பகுதியை எஞ்சின் ஏற்கும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால், அந்தக் கொதிநீர் அண்டாவைப் பிரேக்கில் வைத்ததற்குச் சமம். அங்கிருந்து சூடு றிம்முக்கும், றிம்மிலிருந்து டயருக்கும் போகிறது. ஏறிய அதே கியரில் இறங்கு என்று பழைய லொறிச் சாரதிகள் சொல்வது இதனால்தான். கடுகண்ணாவையிலும், மகியங்கனை வீதியின் வளைவுகளிலும் இந்தப் பாடத்தைச் சொல்லாத நாளில்லை. கேட்காத சாரதியும் இல்லாமலில்லை.

டயர் வாங்கப் போன கதையையும் சொல்ல வேண்டும். நகரத்துக் கடையொன்றில் அகலமான, முரட்டுப் பூக்கள் நிறைந்த டயர்களைக் காட்டினார்கள். பார்க்க யானைக் கால் போலக் கம்பீரமாயிருந்தன. விலையும் அதற்கேற்ப இருந்தது. மைத்துனர் மயங்கிவிட்டார். நான் குனிந்து எண்ணைப் படித்தேன்: 104. அதுவும் பிரயாணிகள் வண்டிக்குரிய வகை. அப்படிப்பட்டதைப் பாரவண்டியில் பூட்டினால் அதன் வலுவை 1.1ஆல் வகுத்தே கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க நாட்டுக் கணக்கு. 900ஐ 1.1ஆல் வகுத்தால் 818. காளையின் திமிலைப் பார்த்து வாங்கி, பல்லைப் பார்க்காமல் விட்ட கதையாக முடிந்திருக்கும். சேற்றிலும் மணலிலும் செல்வோருக்கு அம்முரட்டுப் பூ வேண்டியதே. தார் வீதியில் வீட்டைச் சுமப்பவனுக்கு வேண்டியது விறைப்பான பக்கச் சுவரும், மழையில் தண்ணீரை வெளியேற்றும் நேரான வாய்க்கால்களுமே. கடைசியில் முன்பிருந்த அளவிலேயே, அதே 106/104 எண்ணுள்ள, எட்டு இழைத் தரமுள்ள, பிறந்து நான்கு மாதமே ஆன டயர்களை வாங்கினோம். மாற்றுச் சில்லுக்கும் சேர்த்து ஐந்து. மாற்றுச் சில்லை மறந்துவிடுபவர்கள் அநேகர். காட்டுவழியில் அதுதான் முதற் சில்லாகிறது. றிம்முக்கும் ஒரு பார எல்லை உண்டு என்பதையும், உயர்ந்த அழுத்தத்துக்கு ஏற்ற உலோக வால்வு வேண்டும் என்பதையும் கம்பளைப் பெரியவர்தாம் ஞாபகப்படுத்தினார்.

தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் போட்டுக்கொள்வதை, நம்மூரில் ‘டாக்’ செய்வது என்கிறோம். அது கூடாதா என்று சிலர் கேட்கக்கூடும். உடல் நன்றாயிருந்தால் அது மரியாதையான தொழிலே. பெரிய லொறிகளின் பின்சில்லுகளில் எத்தனையோ ஓடுகின்றன. ஆனால் உடலின் வயதையும் முன் பட்ட காயத்தையும் அறியாத டயரை இந்த வேலைக்கு நான் எடுக்க மாட்டேன்.

இறப்பர் என்றதும், கண்டிக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. தென்னமெரிக்காவின் இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, 1876இல் அந்த நாற்றுகளைக் கப்பலேற்றி இலங்கைக்குத்தான் அனுப்பினார்கள். கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை நடப்பட்டன. 1906 செப்டெம்பரில் பேராதனைப் பூங்காவிலே இறப்பருக்கென்று ஒரு பெரும் பொருட்காட்சி நடைபெற்றது. இன்று காதலர்களும் பள்ளிப் பிள்ளைகளும் உலாவும் அந்தப் புற்றரையில், அன்று உலகின் தோட்டத்துரைமார் இறப்பர்ப் பாளங்களைத் தடவிப் பார்த்து விலை பேசினார்கள். செயற்கை இறப்பர் எவ்வளவோ பெருகிவிட்ட இந்நாளிலும், பாரமான லொறிகளின் டயர்களிலும் விமானங்களின் டயர்களிலும் மரத்துப் பாலே பெரும்பங்கு வகிக்கிறது. வளைந்து நிமிரும்போது அது குறைவாகச் சூடேறுவதே காரணம். கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் சிரட்டையில் சொட்டும் பாலைப் பஸ்ஸிலிருந்து பார்க்கிற நம் மாணவர்கள், அந்தப் பஸ்ஸைத் தாங்குவதும் அதுவே என்று அறிந்து பார்த்தால் நல்லது.

டயர் முடிந்தது, இனி வில். நம் முன்னோரின் கட்டை வண்டிக்கு வில் கிடையாது; அச்சில் விழுந்த அடி முதுகில் விழும். வில்லுவண்டி வந்த பிறகுதான் பெண்பிள்ளைகள் முகஞ்சுளிக்காமல் கோயிலுக்குப் போனார்கள். 1804இல் ஒபதாயா எலியட் என்ற ஆங்கிலேயர் உரிமை பெற்ற அந்த வளைந்த இரும்புப் பட்டை அடுக்கின் வழிவந்ததுதான், இன்று லொறியின் கீழே இருக்கும் ஸ்பிரிங் பட்டையும். ஊக்கின் விதி மாணவர்களுக்குப் பாடம்: பாரம் இரட்டித்தால் தாழ்வும் இரட்டிக்கும். பாரம் கூடிய வண்டி பின்னால் தாழ்ந்து நிற்பது அதனால்தான். தாழ்ந்தால் முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். எதிரே வருபவன் கண் கூசும். முன்சில்லு இலேசாகும், திருப்பினாலும் பிரேக் பிடித்தாலும் அது தன் பங்கைச் செய்யாது.

இதற்கு மருந்து கேட்டுக் கராஜுக்குப் போனால், பெரும்பாலும் “இன்னும் இரண்டு பட்டை கூட்டிப் போடுவோம்” என்பார்கள். அது தாழ்வைத்தான் நிவர்த்திக்கும். அச்சோ, பிரேக்கோ, டயரோ அதனால் ஒரு கிலோவும் கூடுதலாகத் தாங்கப்போவதில்லை. பதிவுப் புத்தகத்து எண்ணும் மாறாது. நிமிர்ந்து நிற்கும் வண்டியைக் கண்டு பாரம் குறைந்துவிட்டதாக மயங்குவது, காய்ச்சல்காரனின் வெப்பமானியை உடைத்துவிட்டுச் சுகமாகிவிட்டது என்பது போலாகும். மேலும் அறையை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகக் காய்கறி ஏற்றப் போகும்போது, விறைத்த பட்டைகளின் மேல் சில்லு குதித்துக்கொண்டே ஓடும்.

வெளிநாட்டார் வேறொரு வழியையும் கையாள்கிறார்கள். பட்டைக்கும் சட்டத்துக்கும் இடையில் தடித்த இறப்பர்ப் பைகளை வைத்து, பாரத்துக்கு ஏற்பக் காற்றைக் கூட்டியும் குறைத்தும் கொள்வது. ஏற்றி இறக்கும் அறைக்கு அது பொருத்தமானதே. விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. நாங்கள் அதைத் தேடவுமில்லை. ஏனெனில் கீழே படுத்துப் பார்த்தபோது எங்கள் நோய் வேறாயிருந்தது. இடப்பக்கத்துப் பட்டையடுக்கில் ஒரு பட்டை வெடித்திருந்தது. அடுக்கைத் தாங்கும் இறப்பர் புஷ்கள் பொடிந்துவிட்டன. ஷொக் அப்சோபர் இரண்டிலும் எண்ணெய் வெளியேறிக் காய்ந்து கிடந்தது.

ஷொக் அப்சோபர் பாரத்தைத் தாங்கும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. பாரத்தைத் தாங்குவது வில். வில்லின் குறை, ஒரு முறை அமுங்கினால் பலமுறை ஆடும், ஊஞ்சலைப் போல. அந்த ஆட்டத்தை அடக்குவதே ஷொக் அப்சோபரின் தொழில். குழாய்க்குள் உள்ள எண்ணெயை நுண்ணிய துளைகளின் வழியே தள்ளி, ஆட்டத்தின் சக்தியைச் சூடாக்கி வெளியே விடுகிறது. இறம்பொடை வளைவில் லொறி சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்ததற்குக் காரணம் இதுவே. வெடித்த பட்டைக்கு அதே தடிப்பில் புதியது, நான்கு புதிய ஷொக் அப்சோபர், புதிய புஷ்கள், பின் அச்சில் சாய்வைத் தடுக்கும் ஒரு முறுக்குத் தண்டு: இவ்வளவுதான் போட்டோம். ஒரு பட்டையும் கூட்டவில்லை. வண்டியை உயர்த்தவுமில்லை. உயரமான அறை ஏறும் வண்டியை இன்னும் உயர்த்துவது, குடத்தைத் தலையில் வைத்தவளை முக்காலியில் ஏற்றுவதாகும்.

பிறகு அறையைக் குறைத்தோம். தடித்த பலகைக்குப் பதில் மெல்லிய ஒட்டுப்பலகையும் அலுமினியத் தகடும். 620 கிலோ அறை 450 ஆயிற்று. சாமான்கள் 230இலிருந்து 150 ஆயின. மாமியின் ஆட்டுக்கல்லை இறக்கச் சம்மதம் பெறுவதற்கு இரண்டு நாள் பிடித்தது. தண்ணீரை 60 லீற்றராகக் குறைத்தோம். அந்தத் தொட்டியை இடம் மாற்றியதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2.5 மீற்றர். தொட்டி முன்பு பின் அச்சுக்கும் பின்னால் 75 சென்ரிமீற்றரில் இருந்தது. அங்கே 100 கிலோ வைத்தால், நெம்புகோல் விதிப்படி முன் அச்சை 30 கிலோ தூக்கிவிடும். பின் அச்சில் 130 ஏறும். அதே 100ஐப் பின் அச்சுக்கு ஒரு மீற்றர் முன்னால் வைத்தால், முன்னால் 40, பின்னால் 60. தண்ணீர் ஒன்றுதான், இடம் மாறியதும் பின் அச்சு 70 கிலோ இளைத்துவிடுகிறது. இதை வகுப்பில் கணக்காகக் கொடுத்தேன். இரண்டு பேரைத் தவிர எல்லோரும் சரியாகச் செய்தார்கள். அந்த இருவரில் ஒருவன் எழுந்து, “சேர், அறையையே முன்னால் தள்ளினால் என்ன?” என்று கேட்டான். அறையின் நிறைமையம் பின் அச்சுக்கு நேரே அல்லது சற்று முன்னே இருக்க வேண்டும் என்பது இத்துறை வல்லுநர் அனைவரும் சொல்லும் முதல் விதி. கணக்கைத் தவறவிட்டவன் அதைத் தானே கண்டுபிடித்துவிட்டான்.

மீண்டும் மேடையில் நிறுத்தோம். மொத்தம் 2,470. பின்னால் 1,500, முன்னால் 970. மொத்தத்தில் 290 கிலோ குறைந்தும் முன் அச்சில் 30 கிலோ கூடியிருந்ததை மைத்துனருக்கு விளக்க ஒரு தேநீர் செலவாயிற்று. ஸ்டியரிங்கின் பஞ்சுத்தன்மை போய்விட்டது.

இவ்விஷயத்தில் தவறியவர்கள் நாங்கள் மட்டுமல்ல என்பதில் எனக்கொரு சிறு ஆறுதல். நோபல் பரிசு பெற்ற அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்டைன்பெக், 1960இல் ஒரு லொறியின் மேல் வீடு கட்டி, சார்லி என்ற நாயோடு தம் நாட்டைச் சுற்றி வந்தார். வண்டிக்கு டொன் குயிக்ஸோட்டின் குதிரைப் பெயரான ரொசினாந்தே என்று பெயரிட்டார். புத்தகங்களும் கருவிகளும் உணவுமாக அவரும் அளவு மீறியே ஏற்றியிருந்தார். ஓரிகன் மாகாணத்தில், மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின் டயர் வெடித்தது; இன்னொன்றும் புடைத்து நின்றது. கடையெல்லாம் பூட்டியிருந்த நாளில், பார்க்க முரடராகத் தோன்றிய ஒரு பெற்றோல் நிலையக்காரர்தாம் எங்கெங்கோ விசாரித்துக் கனமான டயர்கள் கிடைக்கச் செய்து காப்பாற்றினார். 1962இல் வெளிவந்த அவருடைய பிரயாண நூலில் இது இருக்கிறது. அந்த லொறியைக் கலிபோர்னியாவின் சலினாஸ் நகரத்து ஸ்டைன்பெக் நிலையத்தில் இன்றும் பார்க்கலாம். எங்களுக்குக் கம்பளைப் பெரியவர் வாய்த்தார்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவோர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலில் விசாரித்து அனுமதி பெற வேண்டும். இல்லையேல் விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கைவிடும். ஓடும்போது அறைக்குள் எவரும் இருத்தலாகாது. கட்டில் நின்ற பிறகு படுப்பதற்கே. சிலிண்டரை ஓடும்போது பூட்டி வைக்க வேண்டும். காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் அளக்க வேண்டும். நுவரெலியாக் குளிரில் அளந்த டயர் தம்புள்ளை வெயிலில் நின்றாலே ஐந்தாறு இறாத்தல் கூடிக் காட்டும். ஓடிய சூடு அதற்கு மேல். அதைக் கண்டு பயந்து காற்றை இறக்கிவிடுவதுதான் பெரிய தவறு. சில்லைக் கழற்றிப் பூட்டினால், ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை மறுபடியும் இறுக்க வேண்டும்.

ஆவணியில் புறப்பட்டோம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் தேங்காய் உடைத்தோம். தம்புள்ளையைத் தாண்டி ஒரு மரநிழலில் நிறுத்தி, மாமி முதன்முறையாகத் தம் வீட்டுக் கட்டிலில் வீதியோரத்தில் படுத்தார். நான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிச் சில்லுகளைக் கையால் தொட்டுப் பார்த்தேன். நான்கும் ஒரே வெதுவெதுப்பாயிருந்தன. ஒன்று மட்டும் கூடச் சுட்டால் பிரேக்கையோ காற்றையோ பார்க்க வேண்டும். வவுனியாவில் மைத்துனரின் சிறிய மகனும் என்னோடு இறங்கி, வைத்தியர் மாதிரி ஒவ்வொரு சில்லுக்கும் நாடி பிடித்தான். 65 இறாத்தலில் வண்டி முன்னைவிடச் சற்றுக் குலுக்கியது உண்மை. அதற்காக மாமிக்கு ஆசனத்தில் ஒரு இலவம் பஞ்சு மெத்தை போட்டிருந்தோம். அதுவே முதலில் செய்திருக்க வேண்டிய காரியம்.

நல்லூர் வீதியில் இடம் கிடைக்காமல், ஓர் உறவினர் வளவில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். தேர்த் திருவிழாவன்று விடியற்காலை, எல்லோருக்கும் முன்னே எழுந்து குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு லொறி வீட்டின் படியில் மாமி உட்கார்ந்திருந்தார். “தம்பி, நித்திரை எப்படி என்று நீங்கள் கேட்கவில்லையே?” என்றார். கேட்டேன். கட்டில் அகலம் போதாது என்றார்.

கழற்றிய பழைய டயர்கள் ஐந்தும் மைத்துனர் வீட்டுக் கொல்லையில் கிடந்தன. மழைநீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது என்று சுகாதாரப் பரிசோதகர் எச்சரித்துவிட்டுப் போனார். இப்போது அவற்றில் துளையிட்டு மண் நிரப்பியிருக்கிறார்கள். ஒன்றில் கறிவேப்பிலை நன்றாகத் துளிர்த்திருக்கிறது.